எந்த லோடுக்கு எந்த டிம்மர்? முதல்முறை வாங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நண்பர் ஒருவர் தன் படுக்கையறையில் இருந்த நான்கு 60 வாட் குண்டு பல்புகளைக் கழற்றிவிட்டு, நான்கு 7 வாட் எல்இடி பல்புகளை மாட்டினார். பல்பு அட்டையில் 'டிம் செய்யலாம்' என்று தெளிவாகவே போட்டிருந்தது. சுவரில் இருந்த டிம்மர் (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் ஸ்விட்ச்) பழையது, ஆனால் பல வருடங்களாக ஒரு தொந்தரவும் கொடுக்காதது. அன்று இரவு குமிழைப் பாதிக்குத் திருப்பியதும் விளக்குகள் துடிக்க ஆரம்பித்தன. இன்னும் குறைத்தால் நான்கும் ஒன்றாக அணைந்தன. திரும்ப ஏற்றினால் பாதித் தூரம் வரை ஒன்றுமே இல்லை, அப்புறம் திடீரென்று பளிச்சென்று எரிந்தன. பல்பு மட்டமானது என்று அவர் முடிவு கட்டிவிட்டார். நான் போய் எம்சிபியை (மின்பலகையில் இருக்கும் பாதுகாப்பு ஸ்விட்சை) இறக்கிவிட்டு, டிம்மரைப் பெட்டியிலிருந்து வெளியே இழுத்து, பின்பக்கம் எழுதியிருந்ததைப் படித்தேன்: 40 முதல் 400 வாட் வரை. நான்கு ஏழு 28. அவ்வளவுதான் விஷயம். பல்பும் நல்ல பல்பு, டிம்மரும் நல்ல டிம்மர். இரண்டுக்கும் பொருத்தம் இல்லை.

டிம்மர் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் சுவரிலிருந்து தொடங்குகிறார்கள். குமிழ் வைத்ததா, தொட்டால் வேலை செய்வதா, தகடு வெள்ளையா கறுப்பா என்று பார்க்கிறார்கள். கூரையிலிருந்து தொடங்குங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது. அங்கே தொங்குகிற லோடு, அதாவது மின்சாரத்தை இழுக்கும் விளக்கு, எந்த வகை, மொத்தம் எத்தனை வாட் என்று முதலில் தெரிந்துகொண்டால், எந்த டிம்மர் என்பதில் பாதிக்கு மேல் அங்கேயே முடிவாகிவிடும்.

டிம்மருக்குள் என்ன நடக்கிறது

இதைத் தெரிந்துகொள்ளாமல் அட்டையைப் படித்தால் ஒன்றும் புரியாது. அதனால் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

அந்தக் காலத்தில் விளக்கைக் குறைக்க ரியோஸ்டாட் என்ற பெரிய மின்தடையை வைத்தார்கள். வேண்டாத மின்சாரம் அதில் சூடாகி வீணாகும். 1959-ல் அமெரிக்காவில் ஜோயல் ஸ்பைரா என்பவர் சுவர்ப் பெட்டிக்குள் அடங்கும் குறைக்கடத்தி டிம்மரை உருவாக்கினார். 1961-ல் லூட்ரான் நிறுவனத்தைத் தொடங்கினார். இந்த வகை டிம்மர் மின்சாரத்தை எரிப்பதில்லை. வெட்டுகிறது.

வீட்டுக்கு வரும் ஏசி மின்சாரம் ஓர் அலை. 50 ஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 50 முழு அலைகள், அதாவது 100 அரை அலைகள். ஒவ்வொரு அரை அலைக்கும் 10 மில்லி நொடி. 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள நாடுகளில் இது நொடிக்கு 120, ஒவ்வொன்றும் சுமார் 8.3 மில்லி நொடி. டிம்மர் ஒவ்வொரு அரை அலையிலும் ஒரு துண்டை வெட்டி வைத்துக்கொண்டு மீதியை மட்டும் பல்புக்கு விடுகிறது. குமிழைத் திருப்பும்போது நாம் மாற்றுவது அந்தத் துண்டின் அளவைத்தான்.

வெட்டுவதில் இரண்டு முறை உண்டு. அரை அலையின் முன்பகுதியை வெட்டுவது லீடிங் எட்ஜ். ட்ரையாக் என்ற பாகம் இந்த வேலையைச் செய்கிறது: கொஞ்ச நேரம் மூடியிருந்து, நடுவில் திறந்து, அலை சைபருக்கு வரும்போது தானாக மூடிக்கொள்ளும். குமிழை நடுவில் வைத்தால் அலை சரியாக உச்சியில் இருக்கும்போது ட்ரையாக் திறக்கும். 230 வோல்ட் லைனில் அந்த உச்சி சுமார் 325 வோல்ட். அதாவது பல்புக்கு 0-விலிருந்து 325-க்கு ஒரே தாவல், அதுவும் நொடிக்கு 100 தடவை. பாதி வெளிச்சத்தில் எரியும் குண்டு பல்பின் பக்கத்தில் காதைக் கொண்டுபோனால் மெல்லிய ரீங்காரம் கேட்குமே, அது இந்த அடியில் இழை அதிர்கிற சத்தம். தாவலைக் கொஞ்சம் மட்டுப்படுத்தத்தான் நல்ல டிம்மருக்குள் ஒரு சின்ன சோக் சுருளை வைக்கிறார்கள். அது இல்லாத மலிவான டிம்மர் பக்கத்து ரேடியோவிலும் இரையும்.

அரை அலையின் பின்பகுதியை வெட்டுவது டிரெய்லிங் எட்ஜ். இதில் மாஸ்ஃபெட் அல்லது ஐஜிபிடி என்ற பாகங்கள் இருக்கும். அலை சைபரில் இருக்கும்போதே திறந்து, மின்னழுத்தம் இயல்பாக ஏறும்வரை விட்டு, நடுவில் மூடிவிடும். தொடக்கத்தில் தாவல் கிடையாது. பெரும்பாலும் சத்தமும் குறைவு. விலை கூடுதலாக இருப்பது வழக்கம்.

முதல் படி: லோடு எந்த வகை

பல்பை, அல்லது பல்புக்கு முன்னால் இருந்து அதற்கேற்ப மின்சாரத்தை மாற்றித் தரும் டிரைவரை, டிரான்ஸ்பார்மரை எடுத்துப் பாருங்கள். வீட்டு விளக்குகள் கிட்டத்தட்ட எல்லாமே மூன்று வகைக்குள் வந்துவிடும்.

நேரடியாக லைன் வோல்ட்டில் எரியும் குண்டு பல்பும் ஹாலஜனும் மின்தடை லோடு. எதைப் போட்டாலும் ஒத்துக்கொள்ளும் சாது இது. லீடிங் எட்ஜ், டிரெய்லிங் எட்ஜ் இரண்டும் சரி.

இரும்பு உள்ளகத்தில் செம்புக் கம்பி சுற்றிய, கையில் எடுத்தால் கனமாக இருக்கும் டிரான்ஸ்பார்மர் சுருள் லோடு. இதற்கு லீடிங் எட்ஜ்தான். டிரெய்லிங் எட்ஜைப் போட்டால், ஓடிக்கொண்டிருக்கும் மின்னோட்டத்தை அது நடுவில் அறுக்கும். சுருள் அதை எதிர்த்துப் பெரிய மின்னழுத்தத்தைத் தூக்கி வீசும். அடி வாங்குவது டிம்மர்.

கையில் எடுத்தால் லேசாக இருக்கும் எலக்ட்ரானிக் டிரான்ஸ்பார்மரும், பெரும்பாலான எல்இடி டிரைவர்களும் கொண்மி லோடு. உள்ளே மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கெப்பாசிட்டர் இருக்கிறது. லீடிங் எட்ஜ் டிம்மர் திடீரென்று 300 சொச்சம் வோல்ட்டைக் கொடுத்தால், காலியாக இருக்கும் கெப்பாசிட்டர் ஒரே மூச்சில் மின்னோட்டத்தை உறிஞ்சும். பல்பின் வாட்டைப் பார்த்தால் சின்னதுதான், ஆனால் அந்த ஒரு கணத்தில் ஓடும் மின்னோட்டம் பல மடங்கு. இதுவே நொடிக்கு 100 தடவை நடந்தால் டிம்மரும் முனகும், டிரைவரும் சீக்கிரம் தேயும். அதனால் இவற்றுக்கு டிரெய்லிங் எட்ஜ் பொருத்தம். லீடிங் எட்ஜிலும் சேர்ந்து வேலை செய்யும்படி வடிவமைத்த எல்இடி பல்புகள் உண்டு. அப்படியானால் பல்பைத் தயாரித்தவர் அதை எழுதியிருப்பார். எழுதவில்லை என்றால் டிரெய்லிங் எட்ஜுக்கே போங்கள்.

பல டிம்மர்களின் முதுகில் ஆர், எல், சி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளில் சில இருக்கும். ஆர் என்றால் மின்தடை, எல் என்றால் சுருள், சி என்றால் கொண்மி. ஆர், எல் மட்டும் இருந்தால் அது லீடிங் எட்ஜ். ஆர், சி இருந்தால் டிரெய்லிங் எட்ஜ். மூன்றும் இருந்தால் லோடைச் சோதித்துப் பார்த்து எப்படி வெட்டுவது என்று தானே முடிவு செய்யும் யூனிவர்சல் டிம்மர். அதிலும் ஒரு கட்டுப்பாடு உண்டு: ஒரே லைனில் கனமான டிரான்ஸ்பார்மரையும் லேசான டிரான்ஸ்பார்மரையும் கலந்து மாட்டக்கூடாது. இரண்டுக்கும் பொதுவாக நல்லது என்று ஒரு வெட்டு இல்லை.

டிம்மரில் மாட்டவே கூடாதவை என்று சில இருக்கின்றன. 'டிம் செய்யலாம்' என்று போடாத எல்இடி, சிஎஃப்எல், சோக்கும் ஸ்டார்ட்டரும் வைத்த டியூப் லைட், பேட்டரி வைத்த எமர்ஜென்சி பல்பு, போனிலிருந்து கட்டுப்படுத்தும் ஸ்மார்ட் பல்பு. கடைசியில் சொன்னதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ஸ்மார்ட் பல்பு தன் வெளிச்சத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதற்குச் சுவரிலிருந்து முழு மின்சாரம் எப்போதும் வர வேண்டும். வெட்டிய அலையைக் கொடுத்தால் அது அடிக்கடி இணைப்பை இழக்கும், சில நேரம் கெட்டும் போகும்.

சுவர் பிளக்குக்கும் டிம்மர் வைக்காதீர்கள். இன்று அதில் ஒரு மேசை விளக்கு இருக்கலாம். நாளை யாரோ சார்ஜரையோ மிக்சியையோ சொருகுவார்கள்.

விசிறி தனிக் கதை

இதற்கு ஒரு பத்தி ஒதுக்காமல் முடியாது, ஏனென்றால் ரெகுலேட்டரும் டிம்மரும் வெளியே பார்க்க ஒரே மாதிரி இருக்கும். மின்விசிறியில் இருப்பது மோட்டார். விளக்கு டிம்மரில் மாட்டினால் அது முனகும், சூடாகும், மெதுவான வேகத்தில் கிளம்பத் திணறும். விசிறிக்கு விசிறி ரெகுலேட்டர்தான். கடகடவென்று படிப்படியாகத் திரும்பும் ரெகுலேட்டர்களில் உள்ளே பெரும்பாலும் கெப்பாசிட்டர்கள்தான் இருக்கும். அவை அலையை வெட்டுவதில்லை, அதனால் விசிறி சத்தமில்லாமல் ஓடும். அதே காரணத்தால் அந்த ரெகுலேட்டரில் எல்இடி விளக்கை மாட்டி டிம் செய்யப் பார்ப்பதும் தவறு. பிஎல்டிசி (பிரஷ் இல்லாத டிசி மோட்டார் வைத்த) விசிறி வாங்கியிருந்தால் பழைய ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு நேரடி ஸ்விட்சுக்கு மாற்றுங்கள். வேகத்தைக் குறைக்கும் எலக்ட்ரானிக்ஸ் அந்த விசிறிக்குள்ளேயே இருக்கிறது.

இரண்டாம் படி: மேல் எல்லைக் கணக்கு

குண்டு பல்புக்குக் கணக்கு எளிது. ஐந்து 60 வாட் பல்புகள் என்றால் 300 வாட். 400 வாட் டிம்மர் தாராளமாகப் போதும். எல்லையைத் தொடும் அளவுக்குப் போகாமல் 20 சதவீதமாவது இடம் விட்டுவையுங்கள் என்பது என் பழக்கம். குளிர்ந்திருக்கும் டங்ஸ்டன் இழையின் மின்தடை சூடாக இருக்கும்போது உள்ளதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்கலாம். ஸ்விட்சைப் போட்ட கணத்தில் அத்தனை மடங்கு மின்னோட்டம் பாயும். குமிழைக் குறைந்த அளவில் வைத்து ஆன் செய்தால், அல்லது மெதுவாக ஏற்றும் வசதி உள்ள டிம்மரை வாங்கினால், பல்புக்கும் நல்லது டிம்மருக்கும் நல்லது.

கம்பி சுற்றிய டிரான்ஸ்பார்மர் இருந்தால் பல்பின் வாட்டோடு டிரான்ஸ்பார்மரின் இழப்பையும் சேருங்கள். நான்கு 50 வாட் ஹாலஜன் 200 வாட். இழப்புக்கு 15 முதல் 20 சதவீதம் சேர்த்தால் 240 வரை வரும். இன்னொன்று: டிம்மர் ஆனில் இருக்க, டிரான்ஸ்பார்மரின் பல்பு இல்லாமல் அதைச் சும்மா விடாதீர்கள். லோடு இல்லாத சுருளுக்கு வெட்டிய அலையைக் கொடுத்தால் அது அளவு மீறிச் சூடாகலாம்.

எல்இடிக்கு வரும்போதுதான் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள். டிம்மரில் 400 வாட் என்று பெரிதாக எழுதியிருக்கும். 10 வாட் எல்இடி என்றால் 40 பல்பு மாட்டலாமே என்று மனம் கணக்குப் போடும். அந்த 400 குண்டு பல்புக்கானது. மேலே சொன்ன கெப்பாசிட்டர் உறிஞ்சல் காரணமாக அதே டிம்மர் எல்இடியில் தாங்குவது மிகவும் குறைவு. நல்ல தயாரிப்பாளர்கள் இரண்டு எண்களையும் தனித்தனியாகப் போடுகிறார்கள்: குண்டு பல்புக்கு இவ்வளவு, எல்இடிக்கு இவ்வளவு என்று. நீங்கள் பார்க்க வேண்டியது இரண்டாவது எண். லீடிங் எட்ஜ் டிம்மரில் அந்த எண் இல்லாவிட்டால், குண்டு பல்பு எண்ணில் பத்தில் ஒரு பங்குதான் எல்இடிக்கு என்று வைத்துக்கொள்வது தொழில் செய்கிறவர்களிடம் உள்ள வழக்கம். 400 வாட் டிம்மரில் 40 வாட் எல்இடி. கேட்கக் கொஞ்சமாகத் தோன்றும், ஆனால் டிம்மர் நீடிக்கும்.

வாட்டும் விஏவும் (வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வருவது) ஒன்றில்லை என்பதும் இங்கே உறைக்கும். பவர் ஃபேக்டர் (வாட்டை விஏவால் வகுத்தால் வருவது) 0.5 உள்ள 7 வாட் பல்பு லைனிலிருந்து இழுப்பது 14 விஏ. மின் மீட்டர் 7 வாட்டைக் கணக்கிட்டாலும், டிம்மர் சுமக்கிற மின்னோட்டம் 14-க்கானது. பல்பு அட்டையில் பவர் ஃபேக்டர் 0.9 என்று போட்டிருந்தால் அந்தப் பல்பை நான் விரும்பி எடுப்பேன்.

இதற்கு மேல் சூடு. ட்ரையாக்கில் எப்போதும் ஒரு வோல்ட்டுக்குச் சற்று மேலே இழப்பு இருக்கும். 230 வோல்ட்டில் 400 வாட் ஓடினால் 1.7 ஆம்பியர்; அப்படியென்றால் சுமார் 2 வாட் வெப்பம் அந்தச் சின்னப் பெட்டிக்குள் அடைபட்டுக் கிடக்கும். ஒரே பெட்டியில் இரண்டு மூன்று டிம்மர்களை அருகருகே வைத்தால் ஒன்றின் சூடு மற்றதற்கும் ஏறும். அதனால் ஒவ்வொன்றின் எல்லையையும் குறைத்துக்கொள்ள வேண்டும். எவ்வளவு என்பது டிம்மரோடு வரும் தாளில் ஓர் அட்டவணையாக இருக்கும். அந்தத் தாளைத் தூக்கிப் போடாதீர்கள்.

மூன்றாம் படி: கீழ் எல்லை

நண்பரின் வீட்டுக் கதை இங்கேதான் வருகிறது. ட்ரையாக் திறந்த நிலையில் நீடிக்க, அதன் வழியே ஒரு குறைந்தபட்ச மின்னோட்டம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். குண்டு பல்புக் காலத்தில் அது ஒரு பிரச்சினையே இல்லை. நான்கு எல்இடி சேர்ந்து இழுக்கிற மின்னோட்டம் அதைவிடக் குறைந்துவிட்டால் ட்ரையாக் நடுவிலேயே மூடிக்கொள்ளும், மறுபடி திறக்கும், மறுபடி மூடும். நாம் பார்க்கும் துடிப்பு அதுதான்.

ஆகவே அட்டையில் அதிகபட்சத்தைப் போலவே குறைந்தபட்சத்தையும் தேடுங்கள். 40 வாட்டிலிருந்து தொடங்கும் பழைய வகை எல்இடிக்கு உதவாது. எல்இடிக்கென்றே செய்த டிம்மர்களில் இது சில வாட்டுகளிலேயே தொடங்கும். சில பல்புகளைக் கழற்றிவிட்டு ஒன்றிரண்டை மட்டும் எரிக்கும் பழக்கம் உங்களுக்கு இருந்தால், அந்த ஒன்றிரண்டின் வாட்டும் குறைந்தபட்சத்தைத் தாண்ட வேண்டும்.

இங்கே ஒரு பழைய தந்திரத்தைச் சிலர் சொல்வார்கள்: எல்இடிகளுக்கு நடுவில் ஒரு குண்டு பல்பை விட்டுவைத்தால் துடிப்பு நின்றுவிடும் என்று. நின்றுவிடும், உண்மைதான். ஆனால் அந்த ஒரு பல்பு மட்டும் வேறு நிறத்தில், வேறு வேகத்தில் மங்கும்; மின்சாரத்தைச் சேமிக்கத்தான் மாற்றினோம் என்பதும் அடிபட்டுப் போகும். அதற்குப் பதில், கூடுதலாகக் கொஞ்சம் மின்னோட்டத்தை இழுத்துக்கொள்ளும் பைபாஸ் என்ற சின்னப் பாகத்தை விளக்குக்கு இணையாகக் கூரையில் மாட்டலாம், அல்லது டிம்மரையே மாற்றிவிடலாம். நான் இரண்டாவதைச் சொல்வேன்.

12 வோல்ட் ஹாலஜன் இருந்த இடத்தில் 12 வோல்ட் எல்இடியைச் சொருகுகிறவர்களுக்கும் இதே சிக்கல், ஒரு படி கூடுதலாக. டிம்மருக்கு ஒரு குறைந்தபட்சம் இருப்பது போல எலக்ட்ரானிக் டிரான்ஸ்பார்மருக்கும் ஒன்று உண்டு. 20 முதல் 60 வாட் வரை என்று எழுதிய டிரான்ஸ்பார்மரில் 5 வாட் எல்இடியைப் போட்டால், டிம்மர் இல்லாமலேயே அது மினுக்கும். அந்த டிரான்ஸ்பார்மரை எடுத்துவிட்டு, டிம் செய்யக்கூடிய எல்இடி டிரைவரை மாட்டுவதுதான் முறையான வழி.

நான்காம் படி: பெட்டிக்குள் என்ன வயர் இருக்கிறது

வாங்குவதற்கு முன் ஸ்விட்ச் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும். மின்வேலை பழக்கமில்லை என்றால் இதை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். பழக்கம் உள்ளவர்கள் எம்சிபியை இறக்கி, டெஸ்டரை முதலில் வேறொரு கரண்ட் உள்ள பாயிண்டில் வைத்து அது எரிகிறதா என்று பார்த்து, அப்புறம் இந்தப் பெட்டியில் சோதித்து, மறுபடி கரண்ட் உள்ள பாயிண்டில் வைத்துப் பாருங்கள். கெட்டுப்போன டெஸ்டர் எந்த வயரையும் 'கரண்ட் இல்லை' என்றுதான் காட்டும்.

உள்ளே நியூட்ரல் (மின்சாரம் திரும்பிப் போகும்) வயர் வந்திருக்கிறதா என்பதுதான் முக்கியமான கேள்வி. பல வீடுகளில் ஸ்விட்சுக்கு வருவது இரண்டே வயர்: ஃபேஸ் உள்ளே, ஃபேஸ் வெளியே. இரண்டு வயர் டிம்மர், தனக்குத் தேவையான மின்சாரத்தை விளக்கின் வழியாகவே இழுத்துக்கொள்கிறது. குண்டு பல்புக்கு அந்தச் சிறு கசிவு தெரியாது. எல்இடிக்குத் தெரியும்: அணைத்த பிறகும் இருட்டில் மெல்லிய பூனைக்கண் வெளிச்சம், அல்லது சில நொடிக்கு ஒரு தடவை ஒரு சிமிட்டல். நியூட்ரல் இருந்தால் மூன்று வயர் டிம்மரை வாங்குங்கள். கீழ் எல்லைப் பிரச்சினையும் அதோடு பெருமளவு தீரும். ஸ்மார்ட் டிம்மர்களில் பலவற்றுக்கு நியூட்ரல் கட்டாயம்.

மாடிப்படி போல இரண்டு இடத்திலிருந்து ஒரு விளக்கை இயக்கும் இணைப்பில் ஓர் இடத்தில்தான் டிம்மர், இன்னோர் இடத்தில் சாதாரண டூ-வே ஸ்விட்ச். இரண்டிலும் குமிழ் டிம்மரை மாட்டினால் ஒன்று வெட்டியதை மற்றது இன்னும் வெட்டப் பார்க்கும். எதுவும் ஒழுங்காக நடக்காது. இரண்டு இடத்திலும் கட்டுப்பாடு வேண்டுமென்றால் துணைப் பட்டனோடு வரும் டிம்மர்களைக் கேளுங்கள்.

பெட்டியின் ஆழத்தையும் ஒரு அளவுகோலை விட்டு அளந்துகொள்ளுங்கள். டிம்மர் சாதாரண ஸ்விட்சைவிடப் பருமன்.

எல்இடி பட்டையும் அலுவலக விளக்கும்

12 அல்லது 24 வோல்ட் டிசியில் எரியும் எல்இடி பட்டைக்கு இரண்டு வழி. ஒன்று, டிம் செய்யக்கூடிய டிரைவரை வாங்கி, சுவரில் சாதாரண டிரெய்லிங் எட்ஜ் டிம்மரை வைப்பது. இன்னொன்று, சாதாரண டிரைவரின் டிசி பக்கத்தில், பட்டைக்கு முன்னால் பிடபிள்யூஎம் டிம்மரை வைப்பது. இது மிக வேகமாக அணைத்து அணைத்து ஏற்றும். எவ்வளவு நேரம் எரிகிறது என்பதை வைத்து வெளிச்சம் கூடும் குறையும். இங்கே கணக்கு ஆம்பியரில். மீட்டருக்கு 14.4 வாட் எடுக்கும் பட்டை 5 மீட்டர் என்றால் 72 வாட். 24 வோல்ட்டில் அது 3 ஆம்பியர், 12 வோல்ட்டில் 6 ஆம்பியர். 24 வோல்ட் பட்டைக்கு 4 ஆம்பியர் டிம்மர் வசதியாக இருக்கும். ஆனால் 350 மில்லி ஆம்பியர், 700 மில்லி ஆம்பியர் என்று மின்னோட்டத்தை நிலையாக வைக்கும் டிரைவர்களுக்குப் பின்னால் இந்த டிம்மரை மாட்டாதீர்கள். அது விடாமல் மின்னோட்டத்தைத் தள்ளப் பார்க்கும், டிம்மர் அறுத்துக்கொண்டே இருக்கும். இடையில் எல்இடி மாட்டிக்கொள்ளும்.

பெரிய கூடங்களில் டிரைவரிலிருந்து தனியாக இரண்டு மெல்லிய வயர் வெளியே வந்திருந்தால் அது 1–10 வோல்ட் அல்லது டாலி என்ற கட்டுப்பாட்டு வகையாக இருக்கலாம். அந்த டிரைவர்களுக்கு அலை முழுதாகப் போக வேண்டும், வெளிச்சம் எவ்வளவு என்ற உத்தரவு மட்டும் மெல்லிய வயரில் போகும். 1–10 வோல்ட்டில் 1 வோல்ட் என்பது குறைந்த வெளிச்சம். முழுதாக அணைக்கத் தனி ஸ்விட்ச் வேண்டும். டாலியில் ஒரு லைனில் 64 சாதனங்கள் வரை தனித்தனி முகவரியோடு இணைக்கலாம். இப்படிப்பட்ட விளக்கைச் சுவர் டிம்மரில் நேரடியாக மாட்டுவது வீண்.

கண்ணும் எண்ணும்

'10 சதவீதம் வரை குறையும்' என்று பல்பு அட்டையில் பார்த்தால் அறை நன்றாக இருட்டிவிடும் என்று நினைப்போம். நம் கண் அப்படிப் பார்ப்பதில்லை. கருவியில் 25 சதவீதமாக அளக்கும் வெளிச்சம் கண்ணுக்குப் பாதி போலத் தெரியும். 10 சதவீதம் மூன்றில் ஒரு பங்கு போலத் தெரியும். 1 சதவீதத்துக்குப் போனால்தான் பத்தில் ஒரு பங்கு. குழந்தை தூங்கும் அறைக்கும் படம் பார்க்கும் அறைக்கும் 10 சதவீதப் பல்பு போதாது. 1 சதவீதம் அல்லது அதற்கும் கீழே இறங்கும் பல்பும், அதற்கு ஈடு கொடுக்கும் டிம்மரும் வேண்டும்.

நிறமும் கவனிக்க வேண்டியதுதான். குண்டு பல்பு மங்க மங்க மஞ்சளாகி, செம்மஞ்சளாகும். சாதாரண எல்இடி நிறம் மாறாமல் மங்கும். இரவில் அது சாம்பல் பூத்தது போல இருக்கிறது என்று பலர் சொல்கிறார்கள், எனக்கும் அப்படித்தான் படுகிறது. குறைக்கும்போது நிறமும் சூடாகும் வகை எல்இடி கிடைக்கிறது. சாப்பாட்டு மேசைக்கு மேல் அதைத்தான் போடச் சொல்வேன்.

ஐந்தாம் படி: மாட்டிய பிறகு

பத்துப் பல்பு தேவை என்றால் பத்தையும் ஒரேயடியாக வாங்க வேண்டாம். பல்பைத் தயாரித்தவர் பொருந்தும் டிம்மர்களின் பட்டியல் வெளியிட்டிருந்தால் அதைப் பார்த்து, ஒரு டிம்மரும் அதன் குறைந்தபட்ச வாட்டைத் தாண்டும் அளவுக்குச் சில பல்புகளும் வாங்கி ஒரு மாலை முழுக்கச் சோதியுங்கள். டிம்மரை ஃபேஸ் வயரில்தான் இணைக்க வேண்டும், எர்த் முனை இருந்தால் கண்டிப்பாக இணைக்க வேண்டும்.

ஏற்றி இறக்கிப் பாருங்கள். குமிழின் கீழ்ப்பகுதியில் விளக்கு அணைந்துபோனால் அல்லது துடித்தால், டிம்மரின் தகட்டுக்குள் ஒரு சின்னத் திருகு இருக்கிறதா என்று தேடுங்கள். குறைந்தபட்ச வெளிச்சத்தை நிர்ணயிக்கும் திருகு அது. எம்சிபியை இறக்கித் தகட்டைக் கழற்றி, டிம்மரோடு வந்த தாளில் சொன்னபடி கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, துடிப்பு நிற்கும் இடத்துக்குச் சற்று மேலே நிறுத்துங்கள். அப்புறம் அந்தக் குறைந்த அளவிலேயே அணைத்து, மறுபடி ஆன் செய்து பாருங்கள். எரிந்துகொண்டிருக்கும்போது தாங்கும் அளவில், அணைந்த நிலையிலிருந்து சில பல்புகள் கிளம்பாது.

மினுக்கலுக்கு ஒரு சோதனை: பாதி வெளிச்சத்தில் ஒரு பென்சிலைக் கண்ணுக்கு முன்னால் வேகமாக ஆட்டுங்கள். பென்சில் ஒரே மங்கலான விசிறியாகத் தெரிந்தால் நல்லது. தனித்தனிப் பென்சில்களாகத் துண்டு துண்டாகத் தெரிந்தால் விளக்கு மினுக்குகிறது. கண் நேரடியாக உணராவிட்டாலும், இந்த மினுக்கலில் உட்கார்ந்து படிக்கும் சிலருக்குத் தலைவலி வரும். வீட்டில் அப்படி யாராவது இருந்தால் அந்த ஜோடியை வைத்துக்கொள்ளாதீர்கள்.

முழு வெளிச்சத்தில் ஒரு மணி நேரம் விட்டுத் தகட்டைத் தொடுங்கள். வெதுவெதுப்பு இயல்பு. கையை வைத்திருக்க முடியாத சூடு, கருகிய வாடை, தகட்டில் நிறமாற்றம் இதில் எது இருந்தாலும் எம்சிபியை இறக்கிவிட்டு லோடு கணக்கை மறுபடி போடுங்கள். ஹாலஜன் வைத்திருப்பவர்கள் அதை எப்போதும் மங்கலாகவே எரிக்காமல் அவ்வப்போது சில நிமிடம் முழுதாக எரியவிடுங்கள்; கண்ணாடி நன்றாகச் சூடாகும்போதுதான் ஆவியான டங்ஸ்டன் கண்ணாடியில் படியாமல் இழைக்கே திரும்பும், இல்லாவிட்டால் பல்பு கறுக்கும்.

பல்பு மாற்றும்போது குமிழை இறக்கினால் போதும் என்று நினைக்காதீர்கள். டிம்மர் அணைந்திருந்தாலும் அதன் வழியே கசிவு இருக்கலாம். எம்சிபியை இறக்கிவிட்டுத்தான் கைவைக்க வேண்டும்.

எல்லாம் சரியாக அமைந்துவிட்டால், பொருந்திய அந்தப் பல்பின் மாடல் எண்ணை ஒரு தாளில் எழுதித் தகட்டின் உட்பக்கம் ஒட்டிவிடுங்கள், அதே மாடலில் ஒன்றிரண்டு கூடுதலாகவும் வாங்கி வையுங்கள். இரண்டு வருடம் கழித்து ஒன்று போனால், வேறு மாடலை நடுவில் மாட்டும்போது அது மட்டும் தனியாக மினுக்கலாம்.